படுத்தபடி மணிக்கு இருபத்தெட்டு

1

ஜெர்மனிக்கு வந்து இருபது ஆண்டு முடிந்த வாரத்தில் என் முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியது. இருபது ஆண்டாக ஒரே ஊர், ஒரே தொழிற்சாலை, ஒரே நாற்காலி என்று கிடப்பவனுக்குள் ஏதாவது ஒன்றாவது இடம்பெயரட்டும் என்று உடம்பு முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது. குனிந்து மிதிக்கும் சைக்கிள் இனி வேண்டாம் என்றார் மருத்துவர். இந்த ஊரில் சைக்கிள் இல்லாமல் இருப்பது செருப்பில்லாமல் இருப்பது மாதிரி. ஆகவே மூன்று சக்கரத்தில், சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் வண்டி ஒன்றை வாங்கினேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. இருக்கை தரையிலிருந்து ஒரு முழ உயரம்தான். அதில் மல்லாந்து சாய்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்க வேண்டும். கைப்பிடிகள் தொடைக்கு இருபுறமும் இருக்கும். கார்க்காரர்கள் நம்மைக் காகிதக் குப்பை என்று நினைத்து ஏற்றிவிடாமலிருக்கப் பின்னால் நீளக் கம்பியில் ஓர் ஆரஞ்சுக் கொடி.

வண்டி எனக்கு மருத்துவத் தேவை என்று காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தேன். நடக்க முடியாதவர் என்று மருத்துவர் சான்று வேண்டும் என்றார்கள். மருத்துவரிடம் போனால், "நீங்கள் நன்றாக நடக்கிறீர்கள். நடப்பதுதான் உங்களுக்கு மருந்து" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பிவைத்தேன். மறுப்புக் கடிதம் வந்தது. அதில் ஒரு வாக்கியம் மட்டும் பதினோரு வரி. வினைச்சொல் கடைசி வரியில் இருந்ததால் அதுவரை எனக்கு நம்பிக்கையும் இருந்தது. நம் மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஆனால் நாம் யாரையும் இவ்வளவு நேரம் காக்கவைப்பதில்லை.

2

வண்டி வந்த அன்று விழுப்புரத்தில் இருக்கும் அக்காவுக்கு வீடியோவில் காட்டினேன். அக்காவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு மாமாவின் முகம் திரையில் வந்தது.

மாமா என்றால் அக்காவின் கணவர், லூர்துசாமி. விழுப்புரம் திண்டிவனம் தடத்தில் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் பாலிடெக்னிக்குக்கு நான் மூன்று வருடம் போய்வந்தது அவர் பஸ்ஸில்தான். அந்த பஸ்ஸில் வேகமானியின் முள் எப்போதோ செத்துப் போயிருந்தது. மாமா கவலைப்பட்டதில்லை. "அம்பதுல போவுது" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால் காதைத் தொட்டுக் காட்டுவார். விக்கிரவாண்டி நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் அந்த பஸ்ஸை வைத்துக் கைக்கடிகாரத்தைத் திருத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

"இன்னா மச்சான் இது, கட்டில்ல படுத்துக்கினு போறாப்பல இருக்குது?" என்றார்.

"முதுகுக்கு நல்லது மாமா."

"அது சரி. எவ்ளோ வேகம் போவும்?"

தெரியவில்லை என்றேன். காதால் வேகம் பார்த்த மனிதர் கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை. அதிலும் என் பிழைப்பே அளவுதான். பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில், மற்றவர்களின் அளவுக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்து முத்திரை ஒட்டுவது என் வேலை. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவமானம்தான், இருந்தாலும் பரவாயில்லை.

3

சைக்கிள் கம்ப்யூட்டர் என்று இங்கே சொல்வார்கள். தீப்பெட்டியளவு மீட்டர். வேகம், தூரம், நேரம் எல்லாம் காட்டும். சாதாரண சைக்கிளுக்கு அதைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிடம் போதும். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

கம்பி உள்ளது வாங்கலாம் என்றால், படுக்கை வண்டியில் சக்கரம் ஓரிடம், கண் ஓரிடம். கம்பி எட்டாது. கம்பியில்லாதது என்றால் சக்கரத்திலிருந்து மீட்டர் வரை சமிக்ஞை வந்து சேருமா என்ற கவலை. மீட்டரைக் கால்களுக்கு முன்னால் பொருத்தினால் எனக்கு எழுத்து தெரியாது. கிட்டப்பார்வை. இடுப்போரம் பொருத்தினால் ஒவ்வொரு முறையும் சட்டைப் பையில் சில்லறை தேடுகிறவன்போலக் குனிந்து பார்க்க வேண்டும். எங்கே வைத்தாலும் மீட்டரின் கண்ணாடி வானத்தைப் பார்த்துக் கிடப்பதால் வெயிலில் வெறும் பளபளப்புத்தான் தெரியும்.

கணினியில் அட்டவணை போட்டேன். பதினான்கு பத்திகள். என் மகள் ஜெனி எட்டிப் பார்த்தாள். பதினாறு வயது. தமிழ் புரியும். பேச வேண்டுமென்றால் ஒவ்வொரு சொல்லையும் மேல் பரணிலிருந்து இறக்குவதுபோல இறக்குவாள். இப்போதெல்லாம் அந்தச் சிரமத்தையும் அவள் எடுப்பதில்லை. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு.

"போனில் செயற்கைக்கோள் மூலம் எல்லாம் தெரியுமே" என்றாள் ஜெர்மனில்.

"வானத்திலிருந்து பார்த்துச் சொல்வது தோராயம்மா. சக்கரத்தில் காந்தம் வைத்து எண்ணுவதுதான் உண்மை" என்று தொடங்கி, அளவியல் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். பேச்சு முடிந்தபோது அறையில் நான் மட்டும் இருந்தேன்.

கடைசியில் கடைக்குப் போனேன். படுக்கை வண்டிக்கு ஜெர்மனில் 'லீகெராட்'. நான் பதற்றத்தில் 'லீகெஷ்டூல்' என்று சொல்லிவிட்டேன். அது கடற்கரையில் விரித்துப் படுக்கும் சாய்வு நாற்காலி. "என் சாய்வு நாற்காலிக்கு வேகமானி வேண்டும்" என்று கேட்டிருக்கிறேன். கடைக்காரர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

"எவ்வளவு வேகம் போகும் உங்கள் நாற்காலி?"

"அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்" என்றேன் நானும் அதே நிதானத்துடன்.

வாசலில் நின்ற வண்டியை அவர் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அதற்குப் பின் அவர் நல்ல யோசனைகள் சொன்னார். காந்தத்தை முன் சக்கரத்தில் வைத்து, சுற்றுகளை எண்ணும் உணரியை அதன் அருகிலேயே கட்டி, மீட்டரைப் பக்கவாட்டுக் கண்ணாடியின் கம்பியில் பொருத்தச் சொன்னார். தூரமும் குறைவு, கண்ணுக்கும் நேர். பொட்டலத்தைக் கொடுக்கும்போது, "உம்ஃபாங் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். உம்ஃபாங் என்றால் சுற்றளவு. வேலையிடத்தில் தினமும் நாலு தடவை காதில் விழும் சொல். ஆனால் மூன்று வாரமாகச் சமிக்ஞைக் கவலையிலேயே இருந்த என் காதில் அது 'எம்ஃபாங்' என்று விழுந்தது. எம்ஃபாங் என்றால் சமிக்ஞை கிடைப்பது.

"அதெல்லாம் நன்றாகவே கிடைக்கும்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, நாற்காலிக்கு மீட்டர் கேட்டவன்தானே என்று விட்டுவிட்டார்.

வீட்டில் மீட்டரை முதன்முதலாக இயக்கியதும் 2155 என்று ஓர் எண் வந்து மினுக்கியது. ஏதோ தயாரிப்பு எண் என்று நினைத்துச் 'சரி' பொத்தானை அழுத்தினேன். கையேட்டில் இருபத்தேழு மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை என்ற கோபத்தில் அந்த இருபத்தேழையும் சேர்த்து ஒதுக்கியவன் நான்.

4

முதல் சவாரி கால்வாய்க் கரையோரம். மீட்டர் இருபத்தாறு காட்டியது. அடுத்த வாரம் இருபத்தெட்டு. ஐம்பது வயதில், விலகிய தட்டோடு, படுத்துக்கொண்டு மணிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். நான் இவ்வளவு காலம் என் திறமையை வீணடித்துவிட்டதாக எனக்கே வருத்தமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, மீட்டர் இருபத்தேழில் இருக்கும்போது, கூடையில் முட்டைக்கோஸ் வைத்திருந்த ஒரு பாட்டியம்மா மணியடித்து என்னை முந்திக்கொண்டு போனார். மின்சார சைக்கிளாக இருக்கும் என்று உற்றுப் பார்த்தேன். மோட்டார் எதுவும் தெரியவில்லை. இந்த நாட்டில் மோட்டாரை எவ்வளவு நேர்த்தியாக மறைத்துவைக்கிறார்கள் என்று வியந்தேன். அன்றைக்கே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக மீட்டரைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். கீழே இப்படி எழுதினேன்: 'இந்த வேகத்தில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஒரு மணி இருபது நிமிடம். மாமா பஸ்ஸை விடக் கொஞ்சம்தான் கூட!'

கைதட்டல்களும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. மாமாவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

5

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அக்கா அழைத்தாள். அங்கே ஒன்பதரை.

"டேய் அமலா, மாமா உனக்கு போன் கீன் பண்ணாரா?"

"இல்லையே. ஏன்க்கா?"

"காலைல ஆறு மணிக்குப் பூசைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனாரு. இன்னும் வரல. கோயில்லயும் இல்ல. சைக்கிள காணோம். மொபைல வெச்சிட்டுப் போயிட்டாரு, தெறந்து பாத்தா நீ போட்ட போட்டோதான் இருக்குது. பக்கத்து வூட்டுக்காரர்கிட்ட, 'திண்டிவனம் ஒரு மணி இருவது நிமிசம், நான் போய்க்காட்டறேன்'னு சொல்லிக்கினு போயிருக்காருடா."

மாமாவுக்கு அறுபத்தாறு வயது. சர்க்கரைக்கு மாத்திரை. சைக்கிளோ அவரோடு சேர்ந்து ஓய்வு பெற்றது. சாலையோ லாரிகள் விடாமல் ஓடும் நெடுஞ்சாலை.

"சாப்ட்டாரா?"

"மாத்திரைய போட்டுக்கினு வெறும் வயித்தோட போயிருக்காரு. பூசை முடிஞ்சி வந்துதானே சாப்டுவாரு." அக்காவின் குரல் உடைந்தது. "ஜல்தியா யாரையாவது அனுப்பணும். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

திண்டிவனத்தில் இருக்கும் என் நண்பனுக்குச் சொல்லி, அங்கிருந்து விழுப்புரம் நோக்கி மோட்டார் சைக்கிளில் பார்த்துக்கொண்டே வரச் சொன்னேன். பிறகு சமையலறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவிக்குக் காலை ஷிப்ட், மருத்துவமனைக்குப் போயிருந்தாள். சத்தம் கேட்டு ஜெனி இறங்கி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் குழுவில் நான் போட்ட படத்தை எடுத்துப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"இருபத்தெட்டா? நான் பள்ளிக்கூடத்துக்கு வேகமாகப் போனாலே இருபதுதான்."

"படுத்து மிதித்தால் காற்றின் எதிர்ப்பு குறைவும்மா" என்றேன். அந்த நேரத்திலும்.

அவள் போனில் வரைபடத்தைத் திறந்து, நான் வழக்கமாகப் போகும் கால்வாய்ப் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். இருபத்திரண்டு கிலோமீட்டர். என் மீட்டர் ஒவ்வொரு வாரமும் அதற்குக் காட்டியது கிட்டத்தட்ட முப்பத்திரண்டு. இழுப்பறையிலிருந்து கையேட்டை எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கத்தை என் முன்னால் வைத்தாள்.

"அப்பா, சக்கரத்தின் சுற்றளவு. இதில் நீ என்ன போட்டாய்?"

2155 என்பது தயாரிப்பு எண் அல்ல. பெரிய சக்கரச் சைக்கிளின் சுற்றளவு, மில்லிமீட்டரில். என் வண்டியின் சின்னச் சக்கரம் அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. ஒவ்வொரு சுற்றுக்கும் மீட்டர் எனக்கு அரை மீட்டருக்கு மேல் தானமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. என் இருபத்தெட்டு உண்மையில் பத்தொன்பதரை.

இருபது வருடமாக மற்றவர்களின் கருவிகளுக்கு முத்திரை ஒட்டுகிறவன் நான். எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் ஒரு மனிதர் என்னுடைய பொய்க் கணக்கைத் துரத்திக்கொண்டு வெறும் வயிற்றோடு மிதித்துக்கொண்டிருந்தார். சிரிக்க ஆள் இருந்திருந்தால்கூட எனக்குச் சிரிப்பு வந்திருக்காது. ஜெனி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்து போகவில்லை.

ஏழு மணிக்கு அக்காவின் அழைப்பு வந்தது.

"கெடச்சிட்டாருடா. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி, அவிச்ச மல்லாட்டை விக்கிற அம்மா கடையில உக்காந்துக்கினு இருக்காராம்."

ஊர் நேரம் காலை ஏழு மணிக்கே அங்கே தலை சுற்றிச் சைக்கிளோடு சாய்ந்திருக்கிறார். முழங்கையில் சிராய்ப்பு. அந்த அம்மாதான் பிடித்து உட்காரவைத்து, சர்க்கரை போட்ட டீயும் கைநிறைய அவித்த வேர்க்கடலையும் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் தெளிந்ததும் மாமா மறுபடி திண்டிவனம் பக்கமாகச் சைக்கிளைத் திருப்பியிருக்கிறார். பத்தடி போவதற்குள் மறுபடி சுற்றல். வீட்டுக்குச் சொல்லலாம் என்றால் வெட்கம். அந்த அம்மா போட்ட சத்தத்தில் ஒருவழியாக நம்பர் சொல்ல வந்தபோது, மனைவியின் நம்பர் நினைவில்லை. அது மொபைலுக்குள் இருந்தது. மனப்பாடமாகத் தெரிந்தது பஸ் டெப்போ நம்பர் ஒன்றுதான். டெப்போக்காரர்கள்தான் அக்காவுக்குச் சொன்னார்கள். வழியில் தேடிக்கொண்டு வந்த என் நண்பன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

6

அன்று சாயங்காலம் பேசினேன். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போனை வாங்கிய மாமாவின் குரலில் வழக்கமான எகத்தாளம் இல்லை.

"மச்சான், நம்மால ஆவல. விக்கிரவாண்டிக்கே மூச்சு வாங்குது. நீ படுத்துக்கினே இருவத்தெட்டு போற. சரி, வயசாயிடுச்சின்னு நானா ஒத்துக்கிட்டேன். சைக்கிள யாருக்கனா குடுத்துடலாம்னு இருக்கேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. "உடம்பைப் பார்த்துக்குங்க மாமா" என்று சொல்லி வைத்துவிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான். அந்த இருபத்தெட்டை விட்டுக்கொடுக்க எனக்கு அன்றைக்கும் மனம் வரவில்லை.

வாசற்படியில் ஜெனி நின்றிருந்தாள். முதலில் ஜெர்மனில் ஏதோ கோபமாகச் சொன்னாள். பிறகு நிறுத்தி, சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, தமிழில் சொன்னாள்.

"நீ சொல்லல. அவர் பாவம். நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

சொல்லிவிட்டு அவளே அழைத்து, போனை என் கையில் கொடுத்தாள். மறுமுனையில் மாமா.

"மாமா, அந்த மீட்டர் தப்பு. சக்கர அளவு மாத்தாம விட்டுட்டேன். நான் போறது பத்தொன்பதுதான்."

"டயர் சைஸே போடாம மீட்டர் பாத்தியா?"

"ஆமாம் மாமா."

"டேய், நீ அளவு பாக்குற வேலைதானேடா பண்ற?" அக்காவைக் கட்டிய நாளிலிருந்து என்னை அவர் 'டேய்' என்றதில்லை. "பஸ்காரன் எவனாவது சொல்லியிருந்தா கப்சான்னு போயிருப்பேன். இவன் அளவு எடுக்கறவன், இவன் சொன்னா கரெக்டா இருக்கும்னு நம்பித்தானே மிதிச்சேன். டோல்கேட்டாண்ட உக்காந்துக்கினு, இனிமே அவ்ளோதான்டா நாமன்னு நெனச்சி, நான்..."

முடிக்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

குழுவில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். எண், பொத்தான், சுற்றளவு, பத்தொன்பதரை, எல்லாம். அக்கா ஒரே ஒரு குரல் செய்தி அனுப்பினாள்: "உங்க ரெண்டு பேரால எனக்குத்தான்டா பேஜாரு." மாமாவின் பெயருக்கு எதிரே நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. ஒரு வாரம் மீட்டரைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டு, எவ்வளவு தூரம் என்று தெரியாமலே மிதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரே வீடியோவில் வந்தார். முழங்கையில் பிளாஸ்திரி.

"இன்னா, அளவ சரியா போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல மாமா. கையேட்டுல அட்டவணை இருக்கு. அதப் பாத்துப் போட்டுடறேன்."

"அட்டவணைய கொண்டுபோய்க் குப்பைல போடு. ஆளு ஒக்காந்தா டயர் அமுங்கும். நீ உக்காந்துக்கினு, ஒரு சுத்து உருட்டி, தரையில அளக்கணும். காலி வண்டிய அளந்தா மறுபடியும் பொய்தான் சொல்லும். யாரு இருக்காங்க கூட?"

ஜெனியைக் கூப்பிட்டேன். சாக்கட்டியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். நான் வண்டியில் படுத்துக்கொண்டேன். அவள் டயரில் ஒரு கோடு போட்டு, தரையில் ஒரு கோடு போட்டு, "உருட்டு" என்றாள். உருட்டினேன். மறுபடி கோடு. குனிந்து நாடாவைப் பிடித்தாள். போன் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்தது, அதற்குள் மாமா.

"எவ்ளோ பாப்பா?"

அவள் நாடாவையே பார்த்தாள். உதடுகள் அசைந்தன. "ஆயிரம்... நானூறு... நாலு தொண்ணூறு."

ஜெர்மனில் எண்ணைப் பின்னாலிருந்து சொல்வார்கள். நாலும் தொண்ணூறும் என்றால் தொண்ணூற்று நான்கு.

"நாப்பத்தொம்போதா, தொண்ணூத்தி நாலா? வாயில போட்டுக் கொழப்பாத, மறுபடியும் உங்கப்பன் தப்பாப் போட்டுடுவான். ஒரொரு நம்பரா சொல்லு."

"ஒன்று. நாலு. ஒன்பது. நாலு."

"ஆயிரத்தி நானூத்தித் தொண்ணூத்தி நாலு. சொல்லு."

சொன்னாள். மூன்றாம் தடவையில் சரியாக வந்தது. மூன்று முறை அளந்தோம், மூன்று முறையும் அதே எண். அந்த எண்ணைப் போட்டு மீட்டரைக் கம்பியில் மாட்டினேன்.

"இப்ப ஓட்டு. நான் பாக்கணும்" என்றார் மாமா.

ஜெனி போனை எடுத்து மீட்டருக்கு நேரே பிடித்தாள். நான் மிதிக்கத் தொடங்க, பக்கத்திலேயே ஓடி வந்தாள். எதிர்வீட்டுக்காரர் தோட்டத்தில் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்டுகொள்ளவில்லை. மூச்சிரைப்புக்கிடையில் சிரித்துக்கொண்டே, "மாமா, தெரியுதா உனக்கு?" என்று கேட்டாள். மாமாவை 'நீ' என்பது தவறு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"தெரியுது, தெரியுது. இன்னா மச்சான், பதினொண்ணுதானா? பத்தொம்பதுன்னு சொன்ன?"

"புள்ள பக்கத்துல ஓடி வர்றா மாமா."

அவள் காலடிச் சத்தம் மட்டும் தெருவில் கேட்டது.

"அப்ப சரி" என்றார் மாமா. "அவ வேகத்துக்கே போ."